பொழிப்பும் மூலமும்: 'டிராகன் ஏஜ் 2' குறித்து ஆடுவோர் கருத்துகள்

கனடாவின் எட்மன்டன் நகரைச் சேர்ந்த பயோவேர் நிறுவனம் 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்' என்னும் கணினி விளையாட்டை 2009 நவம்பரில் வெளியிட்டது. அதன் அடுத்த பகுதியாகிய 'டிராகன் ஏஜ் 2', 16 மாத இடைவெளியில், 2011 மார்ச்சில் வெளிவந்தது. முதற்பகுதியை விரும்பி ஆடியோர் இரண்டாம் பகுதியை எதிர்கொண்ட முறை, விளையாட்டுகளின் வரலாற்றைப் பேசுவோர் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஒன்றாக அமைந்துவிட்டது. இதழ்களின் மதிப்புரையாளர்கள் அளித்த மதிப்பெண்களின் சராசரி நூற்றுக்கு 80ஐ ஒட்டி நின்றது. அம்மதிப்பெண்களைத் தொகுத்து வெளியிடும் மெட்டாகிரிடிக் தளத்தில் ஆடுவோர் தாமே அளித்த மதிப்பெண்களின் சராசரி பத்துக்கு 5ஐயும் எட்டவில்லை.

இவ்வேறுபாட்டிற்கு ஆடுவோரின் சினமே காரணம் என்று கூறி ஒதுக்கிவிடுவது எளிது. பலரும் அவ்வாறே ஒதுக்கினர். சினம் இருந்தது உண்மைதான். முழுவதும் ஆடிப் பாராமலே மதிப்பெண் இட்டோரும் அவர்களுள் இருந்திருத்தல் கூடும். ஆயினும் அக்கருத்துகளுள் ஒரு பகுதி மொழியைப் பற்றியது. ஆடுபவர் தேர்ந்தெடுத்தது ஒன்றாகவும் அவருடைய பாத்திரம் வாய்திறந்து பேசியது வேறொன்றாகவும் இருந்தது என்பது அப்பகுதியின் சாரம். இம்முறையீடு எதனால் எழுந்தது, எவ்வளவு தூரம் பொருந்துவது, அதற்குரிய பழியை எதன்மீது சுமத்துவது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆட்டத்தினுள் பேச்சு

மாயப்புனைவு உலகில் நிகழும் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் போருக்கு இணையான இடம் உரையாடலுக்கு உண்டு. ஆடுபவர் ஒரு பாத்திரத்தைத் தமதாக ஏற்று, எதிர்ப்படும் மாந்தரிடம் பேசுகிறார். அவர் கூறத்தக்கவை சில திரையில் தோன்றும். அவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்வார். எதிர்ப் பாத்திரம் அதற்கேற்ப விடையளிக்கும். நட்பும் பகையும் காதலும் கதைப்போக்கும் இத்தெரிவுகளால் மாறும். எனவே இவ்வகை விளையாட்டில் ஒரு தொடரைத் தெரிவு செய்வது சொல்வது மட்டுமன்று, செய்வதும் ஆகும். ஜே. எல். ஆஸ்டினின் பேச்சுச் செயல் கொள்கைக்கு இதனினும் வெளிப்படையான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

'ஆரிஜின்ஸ்' விளையாட்டில் ஆடுபவரின் பாத்திரம் 'வார்டன்' எனப்படும். மனிதர், எல்ஃப், குள்ளர் ஆகிய மூவினங்களுள் ஒன்றையும் ஆறு பிறப்புக் கதைகளுள் ஒன்றையும் ஆடுபவரே தேர்ந்துகொள்வார். வார்டன் கூறவிருக்கும் தொடர்கள் முழுமையாகத் திரையில் வரிசைப்படுத்தப்படும். ஆடுபவர் அவற்றைப் படித்து ஒன்றைத் தெரிவு செய்வார். அத்தொடர் ஒலியாக வெளிப்படாது. எதிரிலிருப்பவரின் விடை மட்டும் நடிகரின் குரலில் கேட்கும். 'டிராகன் ஏஜ் 2' இவ்வமைப்பை இரு வகையில் மாற்றியது. தலைமைப் பாத்திரமாகிய ஹாக் மனித இனத்தவராக மட்டுமே இருத்தல் கூடும். ஆணா பெண்ணா என்பதை ஆடுபவர் தீர்மானிக்கலாம். ஹாக்கிற்குக் குரல் உண்டு. ஆண் ஹாக்கிற்கு நிக்கோலஸ் போல்ட்டனும் பெண் ஹாக்கிற்கு ஜோ வையட்டும் குரல் கொடுத்துள்ளனர். குரல் வந்தபின் முழுத்தொடர் திரையிலிருந்து மறைந்தது. அதற்கு ஈடாக, அதே நிறுவனத்தின் விண்வெளிக் கதையாகிய 'மாஸ் எஃபெக்ட்' (2007) விளையாட்டிலிருந்து உரையாடல் சக்கரம் எடுத்தாளப்பட்டது. சக்கரத்தைச் சுற்றி இரண்டு முதல் ஐந்தாறு சொற்களாலான குறுந்தொடர்கள் நிற்கும். அவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்தால் ஹாக் வேறு சொற்களால், பெரும்பாலும் நீளமாக, அக்கருத்தைப் பேசுவார்.

முழுத்தொடரைக் கண்ணாற் படித்துவிட்டு அதனையே மீண்டும் காதால் கேட்பது சலிப்பூட்டும் என்பது இம்மாற்றத்திற்கு வழக்கமாகக் கூறப்படும் காரணம். அது புறக்கணிக்கத்தக்க காரணம் அன்று. மேடையில் ஒருவர் படிக்கப்போகும் உரையின் படியை முன்னரே கையில் வைத்திருப்போர் அச்சலிப்பை அறிவர்.

முன்னே வரும் பொழிப்பு

சக்கரத்தில் நிற்கும் குறுந்தொடரைப் பொழிப்பு எனலாம். தமிழ் உரைமரபில் பதவுரை, பொழிப்புரை என்னும் இரண்டும் மூலத்தின் பின் வருவன. மூலம் கண்முன் இருப்பதால், பொழிப்பு எதனை விட்டது, எதனைக் கூட்டியது என்று படிப்பவர் ஒப்பிட்டுக் காண இயலும். உரையாசிரியரோடு முரண்படவும் இயலும். 'டிராகன் ஏஜ் 2' இவ்வரிசையைத் தலைகீழாக்கியது. பொழிப்பு முன்னே வருகிறது. மூலம் பின்னே, திருத்தவியலாத நிலையில் வருகிறது. பொழிப்பை நம்பி மூலத்திற்குப் பொறுப்பேற்க வேண்டிய நிலை ஆடுபவருக்கு ஏற்படுகிறது. பத்திரத்தின் தலைப்பை மட்டும் படித்துவிட்டுக் கையொப்பமிடுவதற்கு இதனை ஒப்பிடலாம்.

எர்விங் காஃப்மன் தம் 'ஃபார்ம்ஸ் ஆஃப் டாக்' (1981) நூலில் 'பேசுபவர்' என்னும் ஒற்றைக் கருத்தை மூன்றாகப் பகுத்தார். சொல்லை ஒலிப்பவர் ஒருவர், சொல்லை அமைத்தவர் ஒருவர், சொல்லப்பட்ட நிலைப்பாட்டிற்குப் பொறுப்பாளர் ஒருவர். அன்றாடப் பேச்சில் மூவரும் பெரும்பாலும் ஒருவரே. அமைச்சரின் உரையில் மூவரும் வேறுபடலாம். 'ஆரிஜின்ஸ்' விளையாட்டில் சொல்லை அமைத்தவர் நிறுவனத்தின் எழுத்தாளர். ஒலிப்பவர் எவரும் இல்லை. ஆடுபவர் மனத்துள் தாமே ஒலித்துக்கொள்கிறார். பொறுப்பாளரும் அவரே. மூன்றில் இரண்டு பங்கு அவருடையது. இரண்டாம் பகுதியிலோ அமைத்தவர் எழுத்தாளர், ஒலிப்பவர் நடிகர். ஆடுபவரிடம் எஞ்சுவது பொறுப்பு மட்டுமே. சொல்லைக் காணாமல் பொறுப்பை மட்டும் ஏற்பவருக்கு மனக்குறை தோன்றுவது இயல்பு. அக்குறையைப் பழமைப் பற்று என்று பெயரிட்டு அகற்ற முயன்றோர், பேச்சில் உரிமை என்பது என்ன என்னும் வினாவை எண்ணிப் பாராதவர் எனலாம்.

ஆடுவோர் தம் பாத்திரங்களைக் குறிப்பிடும் வழக்கும் இங்குக் கருதத்தக்கது. ஆட்டத்தில் நிகழ்ந்ததைத் தன்மையில் 'நான் செய்தேன்' என்று கூறும் வழக்கும் படர்க்கையில் 'ஹாக் செய்தார்' என்று கூறும் வழக்கும் உள்ளன. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதாக 'என் ஹாக்', 'என் வார்டன்' என்னும் வழக்கும் ஆங்கிலம் பேசும் ஆடுவோரிடம் பரவலாக உண்டு. சிறப்புப் பெயர் உடைமைச் சொல்லை ஏற்பது உறவினரைச் சுட்டும்போது நிகழ்வதே. இங்கோ அது வேறு பணி செய்கிறது. ஒரே பெயருடைய பல்லாயிரம் பாத்திரங்களுள் ஒருவருடையதைப் பிரித்துக் காட்டுகிறது. சிறப்புப் பெயர் இங்கு ஓரளவு பொதுப்பெயராகி, உடைமைச் சொல்லால் மீண்டும் சிறப்பாகிறது. பேசப்படும் சொல் தமதல்லாதபோதும் பாத்திரம் தமது என்று நிலைநாட்டும் முயற்சி இவ்வழக்கில் புலப்படுகிறது.

ஆலிவ் கிளை, முகமூடி, முட்டி

ஆடுவோர் கருத்துகளின் குறை ஒன்றையும் சுட்ட வேண்டும். அவை சக்கரத்தையும் சின்னங்களையும் பொழிப்பையும் ஒன்றாகவே கட்டிப் பழித்தன. இவை மூன்றும் தனித்தனியே மதிப்பிடத்தக்கவை.

சக்கரத்தின் நடுவில், தெரிவின்மேல் சுட்டியைக் கொண்டுசெல்லும்போது, ஒரு சின்னம் தோன்றும். ஆலிவ் கிளை இணக்கத்தையும், நாடக முகமூடி நகைச்சுவையையும், மூடிய முட்டி கடுமையையும், இதயம் காதலையும் குறிக்கும். ஆஸ்டின் சொல்லையும் சொல்லில் நிகழும் செயலையும் வேறு பிரித்துக் காட்டினார். இச்சின்னங்கள் பின்னதற்குரிய எழுத்துக் குறிகளாகும். எழுத்து மொழிக்கு நெடுங்காலமாக இருந்துவரும் குறையொன்றை அவை நீக்கின. வினாக்குறியும் வியப்புக்குறியும் தவிர, தொனியைக் காட்ட அச்செழுத்தில் வழி மிகக் குறைவு. 'ஆரிஜின்ஸ்' விளையாட்டில் ஆடுபவர் வேடிக்கையாகக் கருதித் தெரிவு செய்த தொடரை எதிர்ப் பாத்திரம் இகழ்ச்சியாகக் கொண்டு மனம் புண்படுவது உண்டு. முழுத்தொடர் கண்முன் இருந்தும் அத்தொடரின் செயல் ஆடுபவருக்குத் தெரியவில்லை. ஆகவே முதற்பகுதியிலும் நினைத்தது ஒன்று, நிகழ்ந்தது ஒன்று என்னும் நிலை இருந்தது. அதனை ஆடுவோர் அவ்வளவாக முறையிடவில்லை. சொல் தம் கண்முன் இருந்தமையால் பிழை தம் வாசிப்பில் என்று கொண்டனர் போலும்.

இதனினும் நுட்பமான ஓர் அமைப்பு இரண்டாம் பகுதியில் உண்டு. அதனைப் பழித்தோர் பலர் கவனித்ததாகத் தெரியவில்லை. ஆடுபவர் எத்தொனியை மிகுதியாகத் தெரிவு செய்கிறார் என்பதை விளையாட்டு எண்ணிக்கொண்டே வரும். இணக்கம், நகைச்சுவை, கடுமை ஆகிய மூன்றனுள் மேலோங்கியது எதுவோ அதற்கேற்ப, தெரிவு கேளாமலே ஹாக் பேசும் இடைத்தொடர்களும் மாறும். சில தெரிவுகள் குறிப்பிட்ட இயல்புடைய ஹாக்கிற்கு மட்டுமே கிடைக்கும். ஒருவரின் தனிமொழி அவருடைய முந்தைய பேச்சுகளின் படிவால் உருவாகிறது என்னும் கருத்தை இவ்வளவு எளிமையாகச் செயற்படுத்திய விளையாட்டு அதற்குமுன் அரிது. தொனியின் அளவில் ஆடுபவரின் உரிமை குறையவில்லை, மிகுந்தது என்றே கூற வேண்டும். சொல்லின் அளவில்தான் குறைந்தது.

அப்படியாயின் பழி பொழிப்பினுடையது. பொழிப்பிலும் அதன் சுருக்கத்தைக் காட்டிலும் அதன் இலக்கண வடிவமே மிகுந்த பொறுப்புடையது. சக்கரத்தில் நிற்கும் தொடர்களுள் பெரும்பாலானவை தன்மை வாக்கியங்களாகவோ ஏவலாகவோ வினாவாகவோ அமைந்தவை. அஃதாவது அவை நேர்கூற்றின் வடிவில் உள்ளன. நேர்கூற்றின் வடிவில் உள்ள ஒன்றைப் படிப்பவர் 'இதனையே பேசப்போகிறேன்' என்று கொள்வது மொழிப் பழக்கம். பின்னர் வேறு சொற்கள் ஒலிக்கும்போது அவை மாற்றப்பட்ட சொற்களாகத் தோன்றுகின்றன. அதே சுருக்கம் 'உதவ ஒப்புதல்', 'கூலி கேட்டல்', 'குற்றத்தை மறுத்தல்' என்பனபோலத் தொழிற்பெயர் வடிவில் நின்றிருந்தால், அது செயலின் பெயராகவே கொள்ளப்பட்டிருக்கும், கூற்றாகக் கொள்ளப்பட்டிராது. பின்னர் ஒலிக்கும் சொற்கள் அச்செயலின் ஒரு வெளிப்பாடு என்று அமைந்திருக்கும். பெயர் வடிவில் அமைந்தால் உயிரோட்டம் குறையும் என்பர். குறையும்தான். ஆனால் பொய் வாக்குறுதி எழாது.

2011 ஆகஸ்டில் வெளிவந்த 'டியூஸ் எக்ஸ்: ஹியூமன் ரெவல்யூஷன்' வேறொரு வழி கண்டது. அது மாயப்புனைவைச் சேர்ந்ததன்று, எனினும் ஒப்பிடத்தக்கது. ஒரு சொல்லாலான செயற்பெயரைச் சுட்டும்போதே பாத்திரம் பேசவிருக்கும் தொடர் திரையில் தோன்றியது. பொழிப்பும் மூலமும் ஒருங்கே நின்றன.

மொழிபெயர்ப்பாளர் முன் உள்ள சிக்கல்

இவ்விளையாட்டிற்குத் தமிழ் வடிவம் இல்லை. ஆயினும் பிறமொழிகளில் இவ்வகைப் பனுவலைப் பெயர்ப்போர் எதிர்கொள்ளும் சிக்கலைத் தமிழை வைத்து எண்ணிப் பார்ப்பது பயனுடையது. விளையாட்டின் மொழிபெயர்ப்பாளர் கைக்கு வருவது பெரும்பாலும் அட்டவணை. ஒரு கட்டத்தில் பொழிப்பு, மறு கட்டத்தில் முழுத்தொடர். எவர் எவரிடம், எந்நிலையில் பேசுகிறார் என்னும் சூழல் எப்போதும் உடன் வருவதில்லை. பொழிப்பை அதன் முழுத்தொடரோடு ஒப்பிட்டே பெயர்க்க வேண்டும். தனியே பெயர்த்தால் இரு மொழிகளின் விலகலும் சேர்ந்து, ஆடுபவர் ஏமாற்றம் இருமடங்காகும்.

ஆங்கிலத்தில் முன்னிலை ஒன்றே. தமிழில் பொழிப்பில் ஒரு முன்னிலைச் சொல்லோ ஏவலோ வந்தால் அது 'நீ'யா 'நீங்க'ளா, 'போ'வா 'போங்க'ளா என்னும் தீர்மானம் அப்போதே செய்யப்பட்டுவிடுகிறது. ஆலிவ் கிளையும் முட்டியும் காட்டும் வேறுபாட்டின் பெரும்பகுதியைத் தமிழ் விகுதியே காட்டிவிடும். சின்னம் இணக்கத்தைக் காட்ட விகுதி ஒருமையில் நின்றால் முரண் எழும். ஜெர்மன் மொழியின் மாயப்புனைவு நூல்களில் 'ஈர்' என்னும் பழைய மரியாதை வடிவத்தை ஆளும் வழக்கம் இச்சிக்கலுக்கு ஒரு தீர்வு. அதற்கு நிகரான, காலத்தொலைவும் மரியாதையும் ஒருங்கே தரும் வடிவம் தமிழில் 'நீர்' என்பதாகும். போலிஷ், ரஷ்யன் போன்ற மொழிகளில் இறந்தகால வினை பேசுபவரின் பாலையும் காட்டுவதால் ஆண் ஹாக்கிற்கும் பெண் ஹாக்கிற்கும் வெவ்வேறு தொடர் வேண்டும். தமிழில் தன்மை, முன்னிலை வினைகள் பால் காட்டாமையால் அத்தொல்லை இல்லை. படர்க்கைக்கு வரும்போதும் பலர்பால் மரியாதை வடிவம் பெரும்பாலும் கைகொடுக்கும்.

உறவுப்பெயர் வேறு வகைச் சிக்கல். ஹாக்கிற்குப் பெத்தனி, கார்வர் என இரட்டையராகப் பிறந்த தங்கையும் தம்பியும் உண்டு. ஹாக் மூத்தவர். ஹாக் மந்திரவாதியாயின் கதைத் தொடக்கத்தில் பெத்தனி இறப்பாள், அல்லாக்கால் கார்வர் இறப்பான். ஆங்கிலத்தில் 'பிரதர்', 'சிஸ்டர்' என்னும் விளிகள் மூப்பைக் காட்டா. தமிழில் 'அண்ணா', 'அக்கா' என்றே விளிக்க நேரும். மூத்தவரின் நிழலில் வளர்ந்த மனக்கசப்பு கார்வரின் ஒவ்வொரு பேச்சிலும் இழையோடுவது. அவன் வாயில் வரும் ஆங்கில விளி சமநிலையைப் பேண, தமிழ் விளி அக்கசப்பின் காரணத்தையே ஒவ்வொரு முறையும் உச்சரித்துவிடும். அவன் ஹாக்கைப் பெயரிட்டோ விளியின்றியோ பேசும்படி அமைப்பது தமிழுக்கு ஏற்றதாகலாம். தமிழ்க் குடும்பங்களில் தம்பி அண்ணனோடு பிணங்கும்போது முதலில் நீங்குவது விளிதான்.

பெயரைப் பற்றியும் ஒன்று. தலைமைப் பாத்திரத்தின் இயற்பெயரை ஆடுபவரே இடுகிறார். குரல் முன்னரே பதிவு செய்யப்பட்டிருப்பதால் அப்பெயரை எவரும் ஒலிக்க இயலாது. ஆகவே தோழரும் பகைவரும் காதலரும் குடிப்பெயரால் 'ஹாக்' என்றே அழைக்கின்றனர். முதற்பகுதியில் 'வார்டன்' என்னும் பதவிப்பெயர் அப்பணியைச் செய்தது. இரண்டனுள் குடிப்பெயர் நெருக்கமானது. ஆயினும் ஈன்ற தாயும் இயற்பெயரைச் சொல்லாமை செவிக்கு உறுத்துகிறது. குரல் நுழையும்போது எழுத்திலிருந்து எவை வெளியேறுகின்றன என்பதற்கு இஃதொரு சான்று.

கேட்பவர் செவிக்குப் பட்ட பிற மாற்றங்களையும் ஆடுவோர் குறித்துள்ளனர். முதற்பகுதியில் பெரும்பாலும் வட அமெரிக்க ஒலிப்புடன் பேசிய டேலிஷ் எல்ஃப் மக்கள் இரண்டாம் பகுதியில் வெல்ஷ், ஐரிஷ் ஒலிப்புகளுடன் பேசினர். மெரில் என்னும் எல்ஃப் பெண்ணுக்கு வேல்ஸைச் சேர்ந்த நடிகை ஈவ் மைல்ஸ் குரல் தந்தார். ஆட்சி இழந்து ஒதுங்கி வாழும் இனத்திற்குத் தீவின் மேற்கிலுள்ள கெல்டிக் மொழியினரின் ஒலிப்பைத் தருவது ஆங்கிலப் புனைவில் புதிதன்று. அது ஒரு மக்களின் ஒலிப்பைப் பழமைக்குரிய அணியாக்கிவிடும் என்பதும் மறக்கத்தக்கதன்று.

கதை கூறுபவர்

மொழிக்குப் புறம்பான முறையீடுகளுள் மிகவும் நியாயமானது இடங்கள் பற்றியது. கதை ஏறத்தாழ முழுவதும் கிர்க்வால் என்னும் ஒரே நகரத்திலும் அதன் புறத்திலும் நிகழ்கிறது. அதில் குறையில்லை; ஒரு நகரம் ஆண்டுகள்தோறும் மாறுவதைக் காட்டும் நோக்கம் பாராட்டத்தக்கது. ஆனால் நகரம் மாறவில்லை. ஒரே குகை, ஒரே கிடங்கு, சில கதவுகள் மட்டும் அடைக்கப்பட்டு, வெவ்வேறு இடங்களாக மீண்டும் மீண்டும் வந்தன. குறுகிய காலத்தில் செய்துமுடிக்கப்பட்ட பணி என்பது இதில் வெளிப்படை. எத்தகைய விளக்கமும் இதனை மூடாது.

ஆயினும் கதையின் கட்டமைப்பு இதற்கொரு வேடிக்கையான விடையை வைத்திருந்தது. ஹாக்கின் வாழ்க்கை முழுவதையும் வாரிக் என்னும் குள்ளர் இனத் தோழர், தம்மைப் பிடித்து விசாரிக்கும் கசாண்ட்ராவிடம் கூறுவதாகக் கதை அமைந்துள்ளது. தொடக்கத்திலேயே வாரிக் போர்க்காட்சியை மிகைப்படுத்திக் கூற, கசாண்ட்ரா இடைமறித்து உண்மையைக் கேட்கிறார். இடையில் ஓரிடத்தில் தாம் ஒருவராகவே ஒரு மாளிகையை வென்றதாகவும் அவர் கூறி மாட்டிக்கொள்கிறார். எல்லாக் குகைகளும் ஒன்றுபோல் இருப்பதற்கு வாரிக்கின் சோம்பல்தான் காரணம் என்று ஆடுவோர் நகைப்பது உண்டு. அந்நகைச்சுவையில் ஒரு கூர்மையான திறனாய்வு உள்ளது. கதை முழுவதும் பிறர்கூற்று என்றால், ஹாக் பேசுவனவும் வாரிக் நினைவில் எஞ்சியவையே. ஆடுபவர் தெரிவு செய்த பொழிப்பிற்கும் ஒலித்த தொடருக்கும் இடையிலுள்ள விலகலை இக்கட்டமைப்பின் பகுதியாகவே ஆக்கியிருக்கலாம். தன்மையில் ஆடுபவர் நினைத்ததை, படர்க்கையில் கதைசொல்லி தம் சொற்களால் கூறுகிறார் என்று காட்டியிருக்கலாம். படைத்தவர்கள் அவ்வாய்ப்பை இரண்டு நகைச்சுவைக் காட்சிகளோடு விட்டுவிட்டனர். இவ்விளையாட்டின் உண்மையான இழப்பு இதுவே எனத் தோன்றுகிறது.

முடிவு பற்றிய முறையீட்டையும் இதனோடு சேர்த்துக் காணலாம். கிர்க்வாலில் மந்திரவாதிகளுக்கும் அவர்களைக் காவல் செய்யும் டெம்ப்ளர்களுக்கும் இடையே பகை முற்றுகிறது. இறுதியில் ஹாக் ஒரு பக்கம் சேர வேண்டும். மந்திரவாதிகளின் பக்கம் சேர்ந்தாலும் அவர்களின் தலைவர் ஓர்சினோ அரக்க உருக்கொண்டு ஹாக்கையே தாக்குகிறார். எப்பக்கம் சேர்ந்தாலும் ஓர்சினோவையும் டெம்ப்ளர்களின் தலைவி மெரிடித்தையும் எதிர்த்துப் போரிட்டே ஆக வேண்டும். இது ஆடுவோரைக் கொதிப்படையச் செய்தது. அதே விளையாட்டில் ஹாக்கின் தாய் லியாண்ட்ராவின் மரணத்தையும் எத்தெரிவாலும் தடுக்க இயலாது. அதனையோ பலர் இவ்விளையாட்டின் மிகச் சிறந்த பகுதிகளுள் ஒன்றாகப் போற்றினர். ஆகவே மாற்றவியலாமை மட்டும் குற்றமன்று. தாயின் மரணத்தில் எப்பக்கம் என்று விளையாட்டு வினவவில்லை. இறுதியில் வினவிற்று, விடையைப் பெற்றுக்கொண்டது, பின்னர் விடையைப் பொருட்படுத்தாது நடந்தது. வினவுதல் என்னும் செயல் விடையை ஏற்கும் கடப்பாட்டையும் உடன்கொண்டது. சக்கரத்தின் பொழிப்பிலும் கதையின் முடிவிலும் நிகழ்ந்த குற்றம் ஒன்றே எனலாம்.

எண்ணும் பெயரும்

முன்பகுதியிலிருந்து பெயர் பெற்ற ஒரு படைப்பு எவ்வகையில் அதற்குக் கடன்பட்டது என்பது கருத்துகளின் அடியில் ஓடும் வினா. முதற்பகுதியின் பெயரில் எண் இல்லை. இரண்டாம் பகுதி எண்ணை மட்டுமே பெயராகக் கொண்டது. எண், தொடர்ச்சியை வாக்களிக்கும். ஆனால் தலைவர் வேறு, நாடு வேறு, பேச்சமைப்பு வேறு. ஜப்பானின் 'ஃபைனல் ஃபேன்டஸி' வரிசையில் எண் இப்பொருளைத் தருவதில்லை. ஒவ்வோர் எண்ணும் பெரும்பாலும் புதிய உலகையே குறிக்கும். அதனாலேயே 2001இல் வந்த பத்தாம் விளையாட்டின் கதை 2003இல் தொடர்ந்தபோது அதற்குப் 'பத்து–இரண்டு' என்னும் விந்தையான பெயர் தேவைப்பட்டது. ஒரே குறியீடு இரு வரிசைகளில் இரு பொருள் தருகிறது.

இரு தரப்பினரும் ஆண்ட கலைச்சொற்களும் இவ்வாறே. விதிகளும் கருவிகளும் குறைக்கப்பட்டதை ஆக்கியோர் தரப்பில் 'ஸ்ட்ரீம்லைன்' என்னும் சொல்லாலும், ஆடுவோர் தரப்பில் 'டம்ப் டவுன்' என்னும் சொல்லாலும் குறித்தனர். செப்பம் செய்தல் என்பதும் மழுங்கச் செய்தல் என்பதும் சுட்டும் நிகழ்ச்சி ஒன்றே. இச்சொற்களை மொழிபெயர்ப்போர் சுட்டுபொருளை மட்டும் பெயர்த்து இரண்டிற்கும் 'எளிமையாக்கம்' என்று எழுதுவராயின் வழக்கு முழுவதும் மறைந்துபோகும்.

2014 நவம்பரில் வந்த மூன்றாம் பகுதியாகிய 'இன்க்விசிஷன்' இனத்தெரிவை மீட்டுத் தந்தது. பரந்த நிலப்பரப்புகளையும் கொணர்ந்தது. குரலையும் சக்கரத்தையும் கைவிடவில்லை. ஆனால் முதன்மையான தெரிவுகளுக்கு, அதனால் விளையவிருப்பது யாது என்னும் விளக்கத்தைச் சக்கரத்தோடு இணைத்தது. பொழிப்பிற்கு ஒரு குறிப்புரை சேர்ந்தது எனலாம். 2024 அக்டோபர் இறுதியில் வந்த 'த வெயில்கார்ட்' விளையாட்டிலும் குரலுடைய தலைவரும் குறுந்தொடர்ச் சக்கரமும் தொடர்கின்றன. இதற்கிடையில், பயோவேர் நிறுவனமே 2001ஆம் ஆண்டில் முடித்து வைத்த மற்றொரு வரிசைக்கு, பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் 2023 ஆகஸ்டில் 'பால்டர்ஸ் கேட் 3' என்னும் தொடர்ச்சியை வெளியிட்டது. அதில் எதிர்ப் பாத்திரங்கள் அனைவருக்கும் குரல் உண்டு. ஆடுபவர் கூறுவன முழுத்தொடர்களாகத் திரையில் நிற்கின்றன. தெரிவு செய்தபின் தலைவரின் முகம் அசைகிறது, வாய் பேசுவதில்லை. அவ்வாண்டு டிசம்பரில் ஆண்டின் சிறந்த விளையாட்டிற்கான விருதை அது பெற்றது.